டென்மார்க் நாவல்கள் நான்கு கிலோ

2005 ஜூலை 14, வியாழன், காலை ஐந்தே முக்கால் மணி, வெளியே புழுதிக்காற்று. குவைத்தை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பும் எங்கள் பெட்டி விமான நிலையத் தராசில் நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது. மழையும் மௌனமுமாக நகர்வதால் நான் விரும்பிச் சேர்த்த எட்டு டென்மார்க் நாவல்களும் சரியாக நான்கு கிலோ.

“எட்டையும் படிச்சாச்சுல்ல? இங்கேயே விட்டுடுங்க. தலைக்குள்ள இருக்கற கதையை யாரும் எடை போடமாட்டாங்க,” என்றாள் மனைவி.

“நாலு டின் பால்பவுடரும் நாலு கிலோதான். அதை எடுத்துடலாமே?”

“அப்புறம் உங்க தங்கச்சிங்களுக்கு டென்மார்க் கதையைக் கரைச்சுக் குடுப்பீங்களா?”

மனமில்லாமல் நாவல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஐந்தாவதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“இது இருக்கட்டும். அந்தப் பாதிரியார் பொண்டாட்டி திரும்பி வந்தாளான்னு நான் இன்னும் படிக்கல.”

பதினொரு வருடம் நான் நாவல் படிப்பதைக் கேலி செய்தவள்! எட்டையும் திரும்ப அடுக்கிப் பெட்டியை மூடினேன். கூடுதல் எடைக்குக் கட்டியது பன்னிரண்டு தினார்.