கூட்டு ரோட்டில் முளைத்த இரண்டாவது வெள்ளி

1991 ஐப்பசியில் தாம்பரத்துப் பக்கம் ஒரு துணி கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தேன். ஷிஃப்ட் ஏழு மணிக்கு. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஐந்து மணிக்கு முதல் பஸ். அதை விட்டால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். எங்கள் வீடு வல்லம் பக்கம், கூட்டு ரோட்டுக்கு அரை மணி நடை. வீட்டின் ஒரே கடிகாரம் அப்பாவின் மணிக்கட்டில் ஏறிக்கொண்டு லாரியோடு வடக்கே போய்விடும்.

ஆகவே என்னை எழுப்புவது அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்கு மணி காட்டுவது விடிவெள்ளி. நடவுக்குப் போகும் பெண்களை எல்லாம் வெள்ளி பார்த்து எழுப்பியவள் என்று அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. கிழக்கே வைக்கோல் போருக்கு மேலே அது ஏறியதும் என் போர்வையை உருவிவிடுவாள்.

மேகம் மூடிய இரண்டு நாட்களில் பஸ்ஸைத் தவறவிட்டேன். சூப்பர்வைசர் கத்தவில்லை. இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. மறுபடியும் சேற்றில் இறங்கி நாற்றுப் பிடுங்க எனக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. அந்த மெஷின் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் அம்மா அவசரமாக உலுக்கினாள். வெள்ளி போரைத் தாண்டிவிட்டதாம். தலைகூடச் சரியாக வாராமல் இருவரும் ஓடினோம். கூட்டு ரோட்டில் ஈ காக்கை இல்லை. டீக்கடை மூடிக் கிடந்தது. பனியில் நடுங்கிக்கொண்டு நின்றோம். பஸ் போய்விட்டதோ என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் படப்பை ரோட்டுப் பக்கம் புளியமரங்களுக்கு இடையே இன்னொரு வெளிச்சம் கிளம்பியது. பெரிதாக, வெள்ளை வெளேரென்று. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் என்றாள் அம்மா. கிழக்கே விளக்கு தெரிந்தால் எங்கள் ஊரில் முதலில் அப்படித்தான் நினைப்போம். ஆனால் அது எங்கேயும் போகவில்லை. மேலே நின்ற பழையதைப் பார்த்தேன். புதியதற்குப் பக்கத்தில் அது மங்கிப் போயிருந்தது.

"எம்மா, இதான் வெள்ளி. நீ எழுப்புனது வேற எதையோ பாத்து."

"எனக்கே வெள்ளி காட்ட வந்துட்டியா?" என்றாள்.

டீக்கடைக்காரர் வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார். மணி கேட்டேன். மூன்றரை. எனக்கு வந்த கோபத்தில், உன் வெள்ளியும் ஆச்சு நீயும் ஆச்சு என்று அவர் எதிரிலேயே கத்திவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதுதான் வெள்ளி. அது இன்னா எழவோ."

அந்த எழவு வியாழன் கிரகம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஐப்பசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்ததால் எதைப் பார்த்து எழுந்தாலும் மணி சரியாக இருந்தது. பிறகு வியாழன் நாளுக்கு நாள் முன்னதாகவே முளைக்க ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு அம்மா என்னை எழுப்பி, இது அதுதானே என்று கேட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். வாழ்நாளெல்லாம் வெள்ளி பார்த்தவள் என்னைக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை, கூடவே வருத்தமும்.

அடுத்த வாரம் விடாமல் மழை. வானமே தெரியவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். அம்மா எழுப்பியபோது அவள் புடவை முழங்கால் வரை நனைந்து சேறாக இருந்தது. மாட்டை அவிழ்த்துக் கட்டியிருப்பாள் என்று நினைத்தேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் நடந்தோம். நாங்கள் கூட்டு ரோட்டை அடையவும் வாலாஜாபாத் பக்கமிருந்து பஸ் வெளிச்சம் தெரியவும் சரியாக இருந்தது.

இன்றைக்கு எதைப் பார்த்து எழுப்பினாய் என்று கேட்டேன். அம்மா என் தலைச் சாக்கை எடுத்து உதறினாள். டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "மூணரைக்கே மணி கேட்டுகினு திரும்பிப் போச்சிம்மா உங்கம்மா. கடை தொறக்கறதுக்கு மின்னயே மழையில நின்னுகினு இருந்துச்சி."

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஏறு, ஏறு. பஸ்ஸு நிக்காது" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அன்று கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே என் மெஷினில் நூல் கோத்து முடித்திருந்தேன்.