நான்காம் பத்தியை மறைத்த அளவுகோல்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் என் எழுதுமேசைமேல் ஒரு மர அளவுகோல் கிடக்கிறது. முப்பது சென்டிமீட்டர் நீளம், இரண்டு விரல் அகலம். ஒரு விளிம்பில் பித்தளைத் தகடு. ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு உடைப்பு. கோடு போட நான் அதை எடுத்ததே இல்லை. எனக்கு அதைக் கொடுத்த தலைமையாசிரியையும் கோடு போட அதை அதிகம் எடுத்ததாக நினைவில்லை.

அறுபதுகளின் கடைசியில் என் கணவர் இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். மதுரையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு நானும் வந்தேன். இரண்டு வருடம் ஜெர்மன் படித்த பிறகு, நகரத்துக்கு வெளியே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளியில் தட்டச்சு வேலை கிடைத்தது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பேர்போன பள்ளி. நுழைவுத் தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். பெரும்பாலும் டாக்டர், வக்கீல், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வருடங்களில்தான் ஒருவர் இருவராக உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் வாரம் மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அங்கலாய்த்தேன். “பேருதாங்க பெத்த பேரு. எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணு, ரெண்டுதான் வாங்கியிருக்கு. ஒரே ஒரு பையன் அஞ்சு வாங்கியிருக்கான்.” கணவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அடி அசடே, இங்க ஒண்ணுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ். அஞ்சு வாங்கினா ஃபெயில். அந்தப் பையனைப் போய்ப் பாராட்டி கீராட்டி வச்சிடலையே?” பாராட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவன் என்னை ஏன் அப்படி முறைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

தலைமையாசிரியை உயரமானவர், ஒல்லி, எப்போதும் சாம்பல் நிற மேலங்கி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம். பனிக்காலத்தில் சுரங்கப் பக்கத்து பஸ் தாமதமானால் முதல் மணியையும் தாமதமாக அடிக்கச் சொல்வார். “கோபம் பிள்ளைகள்மேல் அல்ல, பஸ்மேல்தான் வர வேண்டும்” என்பார். என் ஜெர்மன் கடிதங்களில் பிழை இருந்தால் சிவப்பு மையால் அடிக்க மாட்டார். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போடும்போது ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

அந்த வெறிதான் என்னைக் கவிழ்த்தது. ஆண்டு முடிவில் எந்தப் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்புவது என்று ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அதற்குப் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் கூட்டத்தில் குறிப்பெடுப்பதும் என் வேலை. பதிவேட்டில் வரிசை எண், பெயர், பிறந்த தேதி, நான்காம் பத்தியில் தந்தையின் தொழில், பிறகு மதிப்பெண்கள். அதை அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் போதும். ஆனால் நம் ஊரில் ரேங்க் இல்லாமல் ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டா? யாரும் கேட்காமலே கூட்டிப் பார்த்து, ரேங்க் போட்டு, முதல் ரேங்கிலிருந்து கடைசி ரேங்க் வரை பெயர்களை அடுக்கிவிட்டேன். முந்திரிக்கொட்டைத்தனம்தான், வேறென்ன.

பட்டியலின் அடியில் இரண்டு பேர். ஒரு டாக்டரின் மகன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். இருவருக்கும் இலத்தீனில் ஐந்து, ஆங்கிலத்தில் ஐந்து. கூட்டுத்தொகையும் ஒன்றேதான். அகர வரிசையில் அவன் பெயர் முந்தியதால் அவனுக்குக் கடைசிக்கு முந்தைய இடம், அவளுக்குக் கடைசி இடம்.

கூட்டத்தில் இலத்தீன் ஆசிரியர் பையனைப் பற்றி, “வீட்டில் கவனித்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் படிப்பைப் பிடித்துக்கொள்வான்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து அந்தப் பெண். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவலாக என் பட்டியல் கிடைத்திருந்தது. “கடைசி ரேங்க். அப்பா சுரங்கத்தில். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம்” என்றார். அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள், பதினைந்து வயதில் ஏதாவது கடையில் நிற்பாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

தலைமையாசிரியை மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து நான்காம் பத்தியின்மேல் நெட்டுக்குத்தாக வைத்தார். “எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து இதை மறையுங்கள்.” பேனாக்களும் கண்ணாடிக் கூடுகளும் மடித்த காகிதங்களும் தாள்கள்மேல் ஏறின. “இப்போது இருவர் மதிப்பெண்களையும் உரக்கப் படியுங்கள்.” இலத்தீன் ஆசிரியர் படித்தார். “அவன் பிடித்துக்கொள்வான் என்றீர்கள். இவள் ஏன் பிடித்துக்கொள்ள மாட்டாள்? அளவுகோலை நகர்த்தாமல் சொல்லுங்கள்.”

இலத்தீன் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, “சரி, அவளும் பிடித்துக்கொள்ளட்டும்” என்றார். அடுத்த வருடம் முழுவதும் பள்ளி விட்டபின் அவளை உட்காரவைத்து இலத்தீன் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். சில வருடங்கள் கழித்து அவளுடைய இறுதித் தேர்வுச் சான்றிதழை நான்தான் தட்டச்சு செய்தேன். கணிதத்தில் ஒன்று, இலத்தீனில் மூன்று. அந்த மூன்றை அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“சமமாக இருந்தவர்களில் இவளை ஏன் கடைசியில் வைத்தீர்கள்?”

“எழுத்து வரிசைப்படி…”

“ஓர் எழுத்துக்காக ஒரு பெண் வெளியே போயிருப்பாள்.”

திட்டவில்லை. பட்டியலைத் திரும்ப அடிக்கச் சொன்னார், ரேங்க் இல்லாமல். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். மதுரையில் என் பள்ளிச் சான்றிதழிலும் சாதிக்கென்று ஒரு பத்தி இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தியால் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. அதனாலேயே அது என் கண்ணில் பட்டதுமில்லை.

எழுபதுகளின் நடுவில் தலைமையாசிரியை ஓய்வுபெற்றார். கடைசி நாள் மேசையைக் காலி செய்யும்போது அளவுகோலை என்னிடம் நீட்டினார். “வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான் மறைத்துப் பார்ப்பீர்களா?” என்று கேட்டேன். தலையசைத்து மறுத்தார். “இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. உங்கள் பட்டியலில் எல்லாம் அவ்வளவு துப்புரவாக வரிசையில் நின்றதால்தான் என் கண்ணுக்கே தெரிந்தது. அதற்கு முன் நானும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.” அத்தனை வருடங்களில் அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு மடங்காயிற்று.

போன மாதம் மதுரையிலிருந்து என் தம்பி போன் செய்தான். “அக்கா, பையனுக்குப் பார்த்த பொண்ணுங்க லிஸ்ட் அனுப்பியிருக்கேன். நீ எதைச் சொல்றியோ அதான்.” பெயர், வயது, படிப்பு, நான்காவதாகச் சாதியும் அப்பாவின் வேலையும். தாளில் எடுத்து மேசையில் பரப்பினேன். அளவுகோலை எடுத்து நான்காம் பத்தியின்மேல் வைத்தேன். அகலம் சரியாக இருந்தது.

ஆனால் வைப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து முடித்திருந்தேன்.