சித்தப்பாவும் கருநீலத் தண்ணீரும்

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு, மத்தியானம் நேராக ஒரு ஆய்வகத்துக்குப் போய், தன் சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுத்தார்.

எதற்கு என்கிறீர்களா?

அக்கா மகள் துளசி ஈப்போ பக்கம் ஆராய்ச்சி மாணவி. மூளையின் தகவல்களைச் சுமக்கும் டோபமைன் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லும் சென்சார் செய்கிறாள். பெரிய மெஷின் வேண்டாம். தெலுக் இந்தான் செம்பனைத் தோட்டத்துச் சின்ன கிளினிக்கே போதுமாம். திங்கள்கிழமை பேராசிரியர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். சொதப்பினால் அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

"ஒத்திகை பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் வேணும் சித்தி" என்றாள். இவர் நெஞ்சை நிமிர்த்தினார். ஒரே நிபந்தனை: வாழைப்பழம் கூடாது. அதிலேயே டோபமைன் உண்டாம்! வாழைப்பழத்தைப் பொரித்து விற்கும் பிசாங் கோரேங் கடையை இவர் பார்க்காத மாதிரி தாண்டினார், பாவம்.

குழாயில் ரோஜா நிறத் தண்ணீர். அந்தச் சிவப்பு... தங்கம்! கண்ணுக்குத் தெரியாத துகள்கள். அதில் சிறுநீரை விட்டால், கூடச் சேர்க்கும் என்சைம் டோபமைனை மாற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் நீலத்துக்குப் போகும். ஆரோக்கியமானவருக்கு லேசான ஊதாவோடு நிற்கும்.

இவருக்கு? கருநீலம்.

மறுபடி செய்தாள். அதே கருநீலம். துளசியின் முகம் சுண்டிவிட்டது. "ஒண்ணு, என் சென்சார் தப்பு... இல்ல, சித்தப்பாவுக்கு ஏதோ..."

"உண்மையைச் சொல்லுங்க சித்தப்பா. பிசாங் சாப்டீங்களா?"

"இல்லலா. முருகன் மேல சத்தியமா."

முருகன் என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. "காலையில கோயில்ல ரெண்டு கை பஞ்சாமிர்தம் வாங்கினீங்களே?"

"அது பிரசாதம்லா. சாப்பாடா?"

துளசி சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. "அதுல முக்கால்வாசி பிசாங்தான் சித்தப்பா."

இவரைச் சொல்லிக் குற்றமில்லை. இனிப்புநீர் நோய் உள்ளவர்கள்கூடக் கோயில் சர்க்கரைப் பொங்கலைக் கணக்கில் சேர்ப்பதில்லையே! நாம் சேர்க்காததை ஒரு சொட்டுத் தங்கம் சேர்த்துவிட்டது. தப்பாகிப் போச்சு என்று அவள் கலங்கிய சென்சார், அங்கே எல்லாரையும்விடச் சரியாகத்தான் பேசியிருக்கிறது. என் அக்கா மகள் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

திங்கள்கிழமை இவர் கோயில் பக்கமே போகவில்லை. பேராசிரியர்கள் முன்னால் தண்ணீர் லேசான ஊதாவோடு நின்றது. துளசி பாஸ்.

இவருக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. "எல்லாம் கண்டுபிடிக்குது... பிரசாதம்னு மட்டும் தெரியலையேலா!"