பொலி சொல்லாத நிரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பதுளையிலிருந்து அப்புத்தளை வரைக்கும் எந்த மலையில் மண் எப்படி இருக்கும் என்று எஞ்சினியர்மாரே என்னைக் கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டும் கூலியாகத் தொடங்கி, ஆட்களை வைத்து வேலை வாங்கும் கொந்தராத்துக்காரனாக வந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

அப்படிப்பட்ட என் வாய் ஒரு நாள் அடைத்துப் போனது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கோட்டை தேடி வந்தவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரன் எங்கள் ஊவா மாகாணத்தைப் பிடித்த புதிதில் காவலுக்குக் கட்டிய மண்கோட்டை ஒன்று இருந்ததாம். அதைத் தேடி ஒரு தொல்லியல் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிவபாலன் என்று பெயர். மண் வெட்ட ஆள் வேண்டும் என்றதும் தோட்டத்துத் துரை என்னைத்தான் கைகாட்டினார். வேறு யாரைக் காட்டுவார்?

கோட்டை என்றால் மதில் இருக்கும், கொத்தளம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தது ஏழாம் நம்பர் மலை. முழுக்கத் தேயிலை. சிவபாலன் ஐயா தோண்டவும் இல்லை. நாள் கணக்காக நடந்தார். எந்தச் செடி வாடுகிறது, எது வாடவில்லை, மேடு எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். ஊவாவில் காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம் அது.

“இஞ்ச பாரும் கந்தசாமி. மலை முழுக்கக் காஞ்சு கிடக்கு. இந்தப் பட்டி மட்டும் பச்சை. இதுக்குக் கீழ அந்தக் கோட்டையின்ர அகழி இருக்கு. தூர்ந்துபோன மண் ஆழமா இருக்கிறதால ஈரம் நிக்குது.”

அது உரம் கூட விழுந்த இடம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். மறுநாள் அந்தப் பச்சைப் பட்டியோடு என்னை நடக்க வைத்தார். நாலு இடத்தில் அது முனைபோல வெளியே நீட்டித் திரும்பியது. சுற்றி வந்தபோது புறப்பட்ட இடத்திலேயே நின்றேன். இத்தனை வருசம் அந்த மலையில் கான் வெட்டியிருக்கிறேன், ஒரு கோட்டைக்கு மேலே நின்று வெட்டுகிறேன் என்று தெரியாது. அசந்துபோனேன்.

செடியோடு நிற்காமல் கொழுந்துக்காரப் பெண்களையும் கேள்வி கேட்பார். எங்கள் பெண்கள் காலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து முதல் கொழுந்தில் கை வைக்கும்போது “பொலி, பொலி” என்று குரல் கொடுப்பார்கள். கூடை நிறையட்டும் என்று சொல்கிற சொல். அந்தப் பச்சைப் பட்டியில் ஒரு துண்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் எடுத்தார்கள். ஏன் என்று அவர் ராமாயியைக் கேட்டார்.

“இந்த நெரையில சொல்றதில்லீங்க. எங்க மாமியா சொல்லக்கூடாதுன்னுச்சு.”

“அவவுக்கு ஆர் சொன்னது?”

“அதுக்கு அது மாமியா சொல்லிருக்கும். எங்களுக்கு மாமியா பேச்சத் தட்ட முடியுங்களா?”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் பேச்சைக் கேட்கவா ஐயாவுக்குக் கவர்மெண்டில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நானும் கேலி பேசினேன். அவர் சரியாக அந்தத் துண்டில்தான் குறுக்கே வெட்டச் சொன்னார்.

ஜீப்

என் ஆட்களில் நல்ல வெட்டுக்காரன் ராசையா. பெண்சாதிக்குப் பிரசவ மாதம். இடுப்பளவு ஆழம் போனதும் வேலையை நிறுத்திவிட்டுக் குழிக்குள்ளேயே நின்றான். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“அண்ணே, மண்ட ஓடு.”

ஒன்றில்லை. பக்கத்தில் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. தாறுமாறாக அடுக்கிய விறகு போல எலும்பு.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. அதற்குச் சில வருசங்களுக்கு முன்னால்தான் கிளர்ச்சிக்காரர்கள் என்று பிடிக்கப்பட்டு இளைஞர்கள் காணாமல் போனார்கள், ரோட்டோரத்தில் உடல்கள் கிடந்தன. எலும்பு என்றாலே யாருடைய பிள்ளை என்ற கேள்விதான் முதலில் வரும். செய்தி மலையிறங்கி ஓடியது. மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் குழியை எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது. முதலில் கண்டது யார் என்று சிங்களத்தில் கேட்டார். ராசையா முன்னால் வந்தான். அடையாள அட்டை கேட்டார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு இல்லாதது அவனிடமும் இல்லை. புதைத்த இடம் தெரியாமல் சரியாக இந்த இடத்தில் எப்படி வெட்டினாய் என்று கேட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார். சிவபாலன் ஐயா ஏதோ சொல்ல வந்தார். அவருடைய அட்டையை வாங்கிப் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று படித்துவிட்டு, திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் அப்படி ஜீப்பில் ஏறியவன் எப்போது இறங்குவான் என்று யாருக்கும் தெரியாது. ராசையா என்னைப் பார்த்தான். ஆயிரம் பேசுகிற எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஐயா என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னார்.

“வேரைப் பாரும். நான் கதைச்சா எடுபடாது. நீர் சொல்லும்.”

பார்த்தேன். வெட்டின சுவரில் ஒரு தேயிலைச் செடியின் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. ஒரு விலா எலும்புக் கூட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்திருந்தது. என் மணிக்கட்டுத் தடிப்பு.

கும்பிட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன். சார், இது விதைத் தேயிலை. வெள்ளைக்காரன் நட்டது. இந்த வேர் இவ்வளவு தடிப்பாக என் அப்பன் காலமும் வேண்டும், அவன் அப்பன் காலமும் வேண்டும். செடிக்குக் கீழே ஆளைப் புதைக்கலாம், வளர்ந்த வேரைச் சுற்றி விலாவைக் கோர்க்க முடியாது. ஆள் முந்தி, செடி பிந்தி.

இன்ஸ்பெக்டர் சப்பாத்தோடு குழிக்குள் இறங்கினார். வேரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. எலும்புக்கும் வேருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேலே வந்து, ஐயாவின் அட்டையைக் கொடுத்தார். ராசையாவைப் பார்த்து இறங்கு என்று கையைக் காட்டினார். மறுநாள் நீதவானும் டாக்டரும் வந்து பார்த்து, பழைய எலும்புதான் என்று சொல்லிப் போனார்கள்.

மெட்டி

ஜீப் போனதும் நான் என் பேச்சைப் பற்றி நானே பேசத் தொடங்கினேன். ராசையாவை வீட்டுக்குப் போகச் சொன்னோம். அவன் போகவில்லை. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன் என்று குழியின் ஓரத்தில் இருந்தான். ஐயா தூரிகையால் மண்ணைத் துடைத்துக்கொண்டே, கோட்டையில் காய்ச்சலில் செத்த சிப்பாய்களாக இருக்கும், பெரிய கண்டுபிடிப்பு என்று சந்தோசமாகச் சொன்னார். வெள்ளைக்காரச் சிப்பாய் என்றதும் எனக்கும் பயம் தெளிந்தது. நமக்கென்ன?

“ஐயா,” என்றான் ராசையா. “சிப்பாய் மெட்டி போடுவானுங்களா?”

சின்னக் கால்விரல் எலும்பு ஒன்றில் பச்சை பூத்த வளையம். அதற்கு அடுத்த காலிலும். கொஞ்சம் தள்ளிப் பாசிமணி. அது கழுத்தளவு அல்ல, ஒரு குழந்தையின் இடுப்பளவு.

ஐயா தூரிகையைக் கீழே வைத்தார். கோட்டையைக் கைவிட்ட பிறகு, தேயிலைக்கு முந்தி, கோப்பி பயிரிட்ட காலம் வந்தது. இந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்த சனம் வாந்திபேதியில் கூட்டமாகச் செத்தது. ஆயத்தமாக ஒரு அகழி கிடந்தது, குழி வெட்டுகிற வேலை மிச்சம். இதைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

எங்கள் சனம். அவர்கள் மேலேதான் தேயிலையை நட்டார்கள். அந்தப் பச்சைக் கொழுந்தைத்தான் கிள்ளினோம். உரம் விழுந்த இடம் என்று சொன்னவன் நான். மறுபடி சாயத் தேத்தண்ணி குடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

எலும்பைக் கொழும்புக்கு அனுப்புவதுதான் முறை. அளந்து, படம் எடுத்த பிறகு, ஐயா நீதவானிடம் போய் நின்று அங்கேயே மூட அனுமதி வாங்கி வந்தார். மண்ணைத் தள்ளியவன் ராசையா. வேறு யாரையும் மண்வெட்டி தொட விடவில்லை. அந்த மாதக் கடைசியில் அவனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பிறகு இரண்டாயிரத்துக்கு அப்புறமும் எத்தனையோ மலையில் ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் ஆள் கொடுத்தேன். எஞ்சினியர் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் நான் நேராகக் கொழுந்துக்காரப் பெண்களிடம் போவேன். எந்த நிரையில் பொலி சொல்லமாட்டீங்க என்று கேட்பேன். எல்லாவற்றிலும் சொல்லுவோம் என்று பெரும்பாலும் பதில் வரும். இரண்டு மலையில் மட்டும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை நீட்டிக் காட்டினார்கள். அங்கே ரோடு வளைந்து போகிறது. வளைக்க வைத்தவன் நான்.