செவலைக்குப் புழு வந்த வழி

சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டும் என்று நான் ஒன்றும் ஆசைப்படவில்லை. என் மனைவி ஜெபராணி கால்நடை மருத்துவர். மாட்டிறைச்சி வழியாக மனிதருக்கு வரும் நாடாப்புழுவைப் பற்றிய ஓர் ஆய்வில் வேலை செய்கிறாள். போன ஐப்பசி முதல் வாரம், குருவிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்துக்குப் பரிசோதனை முடிவைச் சொல்லப் போக வேண்டியிருந்தது. இந்த வருஷம் எங்கேயும் கூட்டிப் போகவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் என்னையும் வரச் சொன்னாள். கொடைக்கானல் கேட்டவனுக்குக் குருவிகுளம் கிடைத்தது.

மதுரையில் காலை 5.45க்குப் பேருந்து. ராஜபாளையம் வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர். ஒன்பது மணிக்குச் சங்கரன்கோவில். கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய். அங்கிருந்து குருவிகுளத்துக்கு நகரப் பேருந்து. இருபது கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்கு இலவசம் என்பதால் ஜெபராணி ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட் எடுத்த நான் நின்றுகொண்டு வந்தேன்.

முதல் மழை விழுந்து கரிசல் மண் கறுத்துக் கிடந்தது. மக்காச்சோளம் முளைவிட்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கொடைக்கானல் கோபம் கொஞ்சம் குறைந்தது.

இறங்கியபின் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோதான், நூறு ரூபாய். போக வேண்டிய வீட்டைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"முருகையா வீட்டுக்கா? அந்தப் புழு மாட்டுக்காரர் வீட்டுக்கா போறிய?"

விஷயம் இதுதான். முருகையா அண்ணாச்சி (பெயர்களை மாற்றியிருக்கிறேன், எழுதச் சம்மதம் கொடுத்தது அவர்தான்) நாலைந்து மாடு வைத்திருப்பவர். அவர் விற்ற காளையை அறுத்தபோது, கறிக்குள் அரிசி அரிசியாக வெள்ளைக் கொப்புளங்கள் இருந்திருக்கின்றன. அவை நாடாப்புழுவின் இளம்பருவம். கறிக்கடைக்காரர் வியாபாரியிடம் சொல்ல, வியாபாரி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆய்வுக்காக எடுத்த இரத்தத்தில் சினையாக நின்ற செவலைப் பசுவுக்கும் அதன் அடையாளம் தெரிந்தது. அண்ணாச்சி பயந்துபோய், செவலையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட ஏற்பாடு செய்திருந்தார். அன்று மாலை நாலு மணிக்கு வியாபாரியின் வண்டி வருவதாக இருந்தது.

வீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் இருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று ஜெபராணி சொன்னதும் நான் எழுந்தேன். "இருங்க அண்ணாச்சி, ஊருக்கே தெரிஞ்ச கததான்" என்று முருகையா என்னை உட்கார வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான்.

ஆய்வுக்காக அவர் கொடுத்திருந்த மலத்தில் இருந்த துண்டை ஆய்வகத்தில் பார்த்து, அவர் குடலில் மாட்டு நாடாப்புழு இருப்பதை உறுதி செய்திருந்தார்கள். சரியாக வேகாத மாட்டுக்கறியை எப்போதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

பேச்சியம்மாள்தான் பேசினார். "கேரளாவுக்கு மாடு ஏத்திட்டுப் போவையில கங்குல சுட்டுத் தின்னது எனக்குத் தெரியாதாக்கும்? வாயத் தொறந்து சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மனிதர் கூனிக் குறுகிப் போயிருந்தார். வெள்ளையாக, நாடாத் துண்டு போல நெளிந்து வருவதை மாதக்கணக்கில் பார்த்தும் யாரிடமும் சொல்லாமல், மாட்டைத் தொட்டுப் புழங்கியதால் வந்தது என்று நினைத்திருக்கிறார். பிள்ளைகளைக்கூடப் பக்கத்தில் படுக்க விடவில்லையாம்.

ஜெபராணி நிதானமாக விளக்கினாள். புழு குடியிருப்பது மனிதக் குடலில். முட்டை மலத்தோடு வெளியே போகிறது. அது விழுந்த புல்லை மாடு மேய்ந்தால் மாட்டின் சதைக்குள் கொப்புளமாகிறது. அந்தக் கறியை நன்றாக வேகவைக்காமல் தின்றால் மறுபடி மனிதருக்கு. மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றாது. பாலிலும் சாணியிலும் வராது. பக்கத்தில் படுப்பதால் பிள்ளைகளுக்கும் வராது. செவலையின் சதையில் ஓரிரண்டு இருந்தாலும் நாளாவட்டத்தில் செத்துப்போகும். அண்ணாச்சிக்கு சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒருவேளை மாத்திரை போதும்.

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"அப்போ மாடு எனக்குக் குடுக்கல. நான்தான் மாட்டுக்குக் குடுத்திருக்கேன்."

பிறகு ஜெபராணி, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. கொல்லையில் பச்சைக் கதவு போட்டுப் புதிதுபோல நின்றது. திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் புண்ணாக்கு மூட்டை. மழையில் நனைந்தால் மாட்டுக்கு ஆகாதென்று அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் போவது, மாடு மேயும் தரிசுக்கு. மாட்டின் தீனியை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

வியாபாரியின் வண்டி நாலரைக்கு வந்தது. அண்ணாச்சி அப்போது இரண்டாவது மூட்டையைத் தோளில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மாடு விற்கவில்லை என்று நடந்தபடியே சொன்னார். கட்டில் போட இடமில்லை என்று பேச்சியம்மாள் முணுமுணுத்தாலும், மூட்டையின் மறுமுனையைப் பிடித்தது அவர்தான்.

இரவு சங்கரன்கோவிலில் பிரியாணி. தட்டையே முறைத்துக்கொண்டிருந்த என்னிடம், ஆட்டுக்கறியில் இந்தப் புழு வராது, சாப்பிடுங்கள் என்றாள் ஜெபராணி. இரண்டு பிரியாணி 420 ரூபாய். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் வெயிலுக்கு முன் கிராமத்துக்குப் போய்விடுங்கள். கிராமத்திலிருந்து பேருந்து குறைவு, அதனால் ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கறி தாராளமாகச் சாப்பிடலாம். உள்ளே சிவப்பு இல்லாமல் வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மலத்தில் வெள்ளைத் துண்டு தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணாச்சி அந்த வெட்கத்தில்தான் பிள்ளைகளைத் தள்ளிப் படுக்க வைத்தார்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். மாத்திரை வேலை செய்துவிட்டது. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இப்போது ஒரே தொந்தரவு, விடிந்தால் செவலை கொல்லைக்கு வந்து பச்சைக் கதவை முட்டுகிறதாம்.

"இன்னும் புண்ணாக்கு அங்கனதான் இருக்குன்னு நெனச்சிட்டு இருக்கு. உள்ள நான்தாம்ட்டி இருக்கேன், போன்னு தெனமும் சொல்லுதேன்."