அடைக்கு வைத்த ஆமை முட்டைகள்

தாராபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டம். கடலை நான் முதன்முதலாகப் பார்த்தது, தாத்தாவின் திதிக்காகக் குடும்பத்தோடு வேன் பிடித்து ராமேசுவரம் போனபோதுதான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

விடிந்தும் விடியாமலும் மாமா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணலில் டிராக்டர் ஏறி இறங்கியது போல ஒரு தடம். அது முடிந்த இடத்தில் மாமா கையால் தோண்டினார். உள்ளே குவியலாக வெள்ளை உருண்டைகள். தொட்டால் தோல்போல் அமுங்கின. ஆமை முட்டை மூலத்துக்கு மருந்து என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வேனில் உட்கார முடியாமல் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தவர் அவர். துண்டில் அள்ளி மூட்டை கட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக்கோழி அடைக்கு உட்காரத் தவித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆமைக்குஞ்சு ஆசை வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் வேண்டுமென்று கேட்டேன்.

"எடுத்துக்க மாப்ளே. ஆராச்சும் கேட்டா மூச்சு உடப்படாது."

வேன் கிளம்பும் நேரத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் வந்தார். தோண்டிக் கிடந்த குழியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதட்டவில்லை.

"எடுத்திருந்தா குடுத்துடுங்க. இப்பவே புதைச்சா பொழச்சுக்கும்."

"ஏனுங்க, சாமி கும்புட வந்தவங்க நாங்க. முட்டையத் தொடுவமுங்களா?" என்றார் மாமா. பொய்யையும் மரியாதை குறையாமல் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள்.

காவலர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா தம்பி?"

மூட்டை என் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தால் என் பங்கும் போய்விடும். "இல்லீங்க" என்றேன். மாமாவை நம்பாதவர் என்னை நம்பினார். கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் வந்ததும் மாமா தன் பங்கை அவித்துத் தின்றார். மூலம் அப்படியேதான் இருந்தது. நான் என் பங்கைக் கோழிக்கு அடியில் வைத்தேன்.

அம்மா சிரித்தாள். "ஏங்கண்ணு, கோழிக்கு நீச்சல் தெரியாதே. குஞ்சுகள ஆரு கடலுக்குக் கூட்டிட்டுப் போவா?"

"நாந்தான்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோழி அலகால் முட்டைகளைப் புரட்டிக் கொடுத்தது. எல்லாப் பக்கமும் சூடு பட வேண்டுமே என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் புரட்டினேன். கோழிக்குஞ்சு பொரிக்கும் கெடு தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. நாற்றம்தான் வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டைகளைக் குப்பைக்குழியில் கொட்டினாள். கோழி வெறுங்கூடையிலேயே போய் மறுபடி உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கோபம் கோழி மேல்தான். அதற்கு அடைகாக்கத் தெரியவில்லை என்று தோட்டத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்து வந்த ஊர்த் திருவிழா நோம்பிக்கு எந்தக் கோழியை அறுப்பது என்று பேச்சு வந்தபோது, அதைக் கைகாட்டியதும் நானே.

ஆமை முட்டைக்கு மேலே யாரும் உட்கார வேண்டியதில்லை என்பதும், மணலின் சூடே போதும் என்பதும், எடுத்துப் புரட்டிக் குலுக்கினால் உள்ளிருக்கும் உயிர் போய்விடும் என்பதும் தலை நரைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. வேன் ஊர் வந்து சேர்வதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும். தீனியைக்கூட மறந்து அந்தக் கோழி காத்துக் கிடந்தது நான் கொன்று கொண்டுவந்தவற்றை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. நோம்பியன்று அந்தக் கோழியின் ஈரலை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். குஞ்சு பொரிக்காத கோழிக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தின்றேன்.