பதினான்கு இணைப்புகளும் அண்ணனின் பெயரும்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் பேசிப் பழகியவன், எழுதிப் பழகியவன் அல்ல. பேசுவது போலவே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இங்கே மராத்தி மண்ணில், கட்கியில். வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த அப்பா, அண்ணன் பத்தாவது படிக்கையில் தவறிவிட்டார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, என்னையும் தங்கையையும் கரையேற்றினார். 'மூத்தது மோழை, இளையது காளை' என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ்.

எர்த்திங் வேலையில் அவருக்குப் பெயர் உண்டு. மின்கசிவையும் மின்னலையும் மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பிகளைப் புதைக்கும் வேலை அது. போல்ட் போட்டு இணைத்தால் நாளடைவில் தளரும் என்று அண்ணன் பற்றவைப்பார். மண்ணில் அடித்த செம்புத் தண்டையும் கம்பியையும் மோல்டு என்கிற கிராஃபைட் அச்சுக்குள் வைத்துப் பூட்டி, மேலே செம்பு கலந்த பவுடரைக் கொட்டிப் பொறி காட்டுவார். கரண்டே வேண்டாம், சில நொடிகளில் செம்பு உருகி இறங்கி இரண்டும் ஒன்றாகிவிடும். மோல்டில் மட்டும் ஈரம் இருக்கக் கூடாது, இருந்தால் இணைப்பு உள்ளே பொள்ளலாகிவிடும். முதலில் கேஸ் டார்ச்சால் சூடுகாட்ட வேண்டும்.

கோந்த்வா மருத்துவமனைக் கட்டிடக் கதை உங்களுக்குத் தெரியும். மழை அவசரத்தில் அண்ணன் சூடுகாட்ட மறந்து, பிறகு தானே போய்ச் சொல்லிப் பதினான்கு இணைப்புகளையும் தோண்டி எடுத்தார் என்று. அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நடந்தது அப்படியல்ல. அன்று அண்ணன் சாமான் வாங்கப் போயிருந்தார். பதினான்கையும் போட்டு மூடியவன் நான். மறுநாள் காலை டார்ச் சிலிண்டரைக் கையில் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"மோல்டுக்குச் சூடு காட்டினியா?"

"காட்டினேண்ணா."

"காட்டியிருந்தா இது இவ்ளோ கனமா இருக்குமாடா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான். அண்ணன் ஒரு குழியைத் தோண்டி இணைப்பை ரம்பத்தால் அறுத்தார். உள்ளே இட்லிபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

மீட்டர் சரியாகக் காட்டி, இஞ்சினியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் அடுத்த கட்டிட வேலை போய்விடும். எங்கள் இரண்டு குடும்பமும் அதைத்தான் நம்பியிருந்தன. அண்ணன் நேரே போய், "சூக் மாஜி ஆஹே, சாஹேப்" என்றார். தப்பு என்னுடையது என்று. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் சேற்றில் தோண்டினோம். அடுத்த கட்டிடம் வேறொருவருக்குப் போயிற்று. அதற்கடுத்ததற்கு அதே இஞ்சினியர் கட்கிக்கு வீடு தேடி வந்து, அண்ணி கையால் காபி குடித்துவிட்டு வேலையைக் கொடுத்தார். 'நம்பிக் கொடுக்கலாம்' என்று அவர் சொன்னதை அண்ணன் ஊரெல்லாம் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

கடைசி வாரத்தில்கூட, வார்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனிடம் எர்த்திங் பற்றி விசாரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினார். அப்போது நான், அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இப்ப சொல்லி இன்னா ஆகப் போவுது? பேசாம இரு," என்றார்.

வாகட்டிலிருந்து தினமும் சாப்பாடு சுமந்து வந்த தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், அன்று மழையில் எங்களோடு தோண்டிய மராத்தி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அண்ணி, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீங்கள்தான் இதைப் படித்துக் காட்டுவீர்கள். அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் அப்பா போட்ட இணைப்பு ஒன்றுகூடத் தோற்றதில்லை. அந்தப் பதினான்கும் சித்தப்பா போட்டவை.